மூன்றாவது வரி எப்படி வந்தது?

பத்தாம் வகுப்பிலேயே பிளஸ் டூ கணக்கை முடித்துவிடும் பிள்ளையை என்ன செய்கிறோம்? ஜேஇஇ கோச்சிங்கில் தள்ளுகிறோம். அங்கே கிடைப்பது வேகம். நான்கு விடைகளில் ஒன்றைச் சட்டென்று குறிக்கும் பையனிடம், இரண்டின் வர்க்கமூலம் என்று ஓர் எண் இருப்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேளுங்கள். 'கால்குலேட்டர்ல வருதே சார்' என்பான். கல்லூரிக் கணிதம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பாடங்களுக்குப் பஞ்சமில்லை. என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசம். எம்ஐடியில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணிதமும் அப்படியே. சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் பழைய நுழைவுத்தேர்வுத் தாள்களும் கிடைக்கின்றன. காரணத்தை விளக்கி எழுதவேண்டிய கேள்விகள் அவற்றில் உண்டு. இல்லாதது ஓர் ஆள்: பிள்ளை எழுதிய நிரூபணத்தைப் படித்து, 'மூன்றாவது வரி எப்படி வந்தது?' என்று கேட்பவர். கும்பகோணத்தில் ராமானுஜன் கையில் கிடைத்த, கார் என்பவரின் கணிதத் தொகுப்பில் தேற்றங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன, முழு நிரூபணங்கள் அரிது. நிரூபணம் எங்கே என்று கேட்கக்கூடிய கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியது 1913இல்தான். நம் பிள்ளைகளுக்குக் கேம்பிரிட்ஜ் வேண்டாம். உள்ளூர்க் கல்லூரியில், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கும் ஒரு பேராசிரியர் போதும். கோச்சிங் கட்டணம் கட்டுமுன் அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.