‘ரெம் களவு போன’ கதையும் எங்கள் பிள்ளைகள் எடுத்த கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலைக்கு 12 பாவித்த கொம்பியூட்டர்கள் வந்த கதை ஊரில் பலருக்குத் தெரியும். பழைய மாணவர்கள் காசு சேர்த்து, கண்டி டவுனில் ஒரு கடையில் எடுத்துத் தந்தார்கள். 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு புதியது வாங்குவதை எங்களைப் போன்ற பாடசாலைகள் கனவில்தான் பார்க்கலாம். ஆகவே கொடுத்தவர்களுக்கு முதலில் நன்றி.

பிரச்சினை வந்தது பெற்றோர் கூட்டத்தில். ஒரு கொம்பியூட்டரின் திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தார் ஒருவர். நினைவகம் 4.00 ஜிபி, பாவிக்கக்கூடியது 3.45 ஜிபி என்று அதில் இருந்தது. “நாலு ஜிபி என்டு காசு எடுத்துட்டு மூன்றரைதான் தந்திருக்கான். இது பச்ச ஏமாத்து” என்றார். மண்டபமே ஆமாம் போட்டது. கூட்டம் முடியுமுன் கடையின் பெயர் வட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டது. இன்னொருவர், “விண்டோஸ் 10-க்கும் 2025 ஒக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சிட்டுது. இதெல்லாம் இரும்புக்காரனுக்குக் குடுக்கிறதுதான் நல்லம்” என்றார்.

ஆசிரியர்களாகிய நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த அரை ஜிபி எங்கே போனது என்று எங்களுக்கும் தெரியாது. தெரியாது, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து சொல்லவும் இல்லை. அது எங்கள் பிழை. இந்தப் பதிவு அந்தப் பிழைக்கான பதில்.

அடுத்த வாரம் உயர்தர ஐசிடி பிள்ளைகளோடு ஆய்வுகூடத்தில் உட்கார்ந்தோம். பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, அந்தக் கொம்பியூட்டரை அதிலிருந்து எழுப்பினோம். லினக்ஸின் கேர்னல் கண்விழித்த நொடியிலிருந்து செய்த ஒவ்வொன்றையும் வரி வரியாக எழுதி வைக்கும். ‘டிமெஸ்ஜ்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்தக் குறிப்பு முழுவதும் திரையில் வரும். அதன் ஆரம்பத்திலேயே ஓர் அட்டவணை. பயோஸ் கொடுத்த நினைவக வரைபடம் அது. இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை பாவிக்கலாம், இது ஒதுக்கப்பட்டது, இது பாவிக்கலாம் என்று வரிசையாக ஓடுகிறது.

ஒரு பிள்ளை கழித்துப் பார்த்துவிட்டு, “ஸேர், இங்க ஒரு பெரிய துண்டு ஒதுக்கி ஈக்கி. 512 எம்பிக்குக் கிட்ட” என்றாள். அவ்வளவுதான். களவு போனதாக நாங்கள் சொன்ன அரை ஜிபி அந்த வரியில் இருந்தது.

அது என்ன என்று சொல்வதற்கு முன், இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். ஐசிடி படிக்காதவர்களுக்கும் விளங்கும்.

வெள்ளமும் மண்சரிவும் வந்தால் எங்கள் மாவட்டத்துப் பாடசாலைகள் முகாமாக மாறுவதை நாம் பார்த்திருக்கிறோம். முதல் மணித்தியாலத்தை நினைத்துப் பாருங்கள். மழைக்குள் சனம் வந்து நிற்கிறது. பதிவேடு இல்லை. பதிவேடு வைக்க மேசை இல்லை. மேசை போட எந்த அறை காலி என்றும் தெரியாது. அப்போது யாரோ ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து இரண்டு பட்டியல் எழுதுவார். ஒன்று, இருக்கிற அறைகள். மற்றது, தொடக்கூடாத அறைகள்: அதிபர் அறை, விஞ்ஞான கூடம், சோறு ஆக்க ஒதுக்கிய இடம். முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது சனத்துக்கு. பிறகு ஆறுதலாக மேசை வரும், பதிவேடு வரும், கிராம அலுவலர் வருவார். அந்தக் கடதாசியின் வேலை முடிந்துவிடும்.

பணிசெயல் முறைமையின் நிலையும் இதுதான். நினைவகத்தைப் பங்கிட ஒரு நிர்வாகம் வேண்டும். அந்த நிர்வாகம் தன் கணக்கை எழுதவே நினைவகம் வேண்டும். முட்டை முதலா கோழி முதலா என்ற கேள்வி. லினக்ஸ் இதற்கு ‘மெம்ப்ளொக்’ என்ற சிறிய ஏற்பாட்டை வைத்திருக்கிறது. நாம் சொன்ன கடதாசி அதுதான். அதிலும் இரண்டே பட்டியல்கள்: இருக்கும் நினைவகம், ஒதுக்கிய நினைவகம். ஒவ்வொன்றிலும் வழக்கமாக 128 வரிகளுக்கு இடம், கேர்னலின் உள்ளேயே முன்கூட்டி வைக்கப்பட்டிருக்கும். யாரிடமும் இடம் கேட்கத் தேவையில்லை, பையில் கொண்டுவந்த கடதாசி.

கேர்னலுக்கு முன்பே பயோஸ் தன் பங்கைச் செய்துவிடும். சுவிட்சைப் போட்டவுடன் ரெம் உடனே வேலை செய்யாது. ரெம் பலகையில் உள்ள ஒரு சிறு சிப், தான் எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமானது என்று சொல்லும். அதை வாசித்து ரெம்மை ஆயத்தப்படுத்தி, எது யாருக்கு என்று வரைபடம் போட்டுக் கேர்னலிடம் ஒப்படைப்பது பயோஸின் பொறுப்பு. பழைய கொம்பியூட்டர்களில் அந்த வரைபடத்தின் பெயர் ஈ820. புதியவற்றில் யூஈஎஃப்ஐ அதைத் தருகிறது. நம் பையில் இருக்கும் அண்ட்ரொய்ட் போனிலும் ஓடுவது லினக்ஸ் கேர்னல்தான். அங்கே ‘டிவைஸ் ட்ரீ’ என்ற அட்டவணை அந்த வேலையைச் செய்கிறது. போனை ஓஃப் பண்ணி ஒன் பண்ணும் ஒவ்வொரு தடவையும், படம் எதுவும் தெரியுமுன், இந்தக் கணக்கெடுப்பு நடந்து முடிகிறது.

கேர்னல் பயோஸ் சொன்னதை அப்படியே நம்பிவிடுவதும் இல்லை. சில பயோஸ்கள், பாவிக்கலாம் என்று கொடுத்த முதல் 1 எம்பிக்குள் பிறகு தாங்களே எதையாவது எழுதிவிடும். அதனால் 2021 முதல் எக்ஸ்86 கொம்பியூட்டர்களில் லினக்ஸ் அந்த முதல் 1 எம்பியை எப்போதும் ஒதுக்கியே வைக்கிறது.

அடுத்தது பெரிய பதிவேடு. நினைவகம் 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கப்படும். 4 ஜிபிக்கு 1,048,576 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் பதிவேட்டில் 64 பைட் அளவில் ஒரு குறிப்பு. பெருக்கினால் 64 எம்பி. அதாவது 4 ஜிபியைப் பற்றிய கணக்கை எழுதி வைக்க மட்டும் 64 எம்பி செலவு. இந்தப் பதிவேட்டுக்கான இடத்தைத் தருவதும் மெம்ப்ளொக்தான். பதிவேடு ஆயத்தமானதும் மிஞ்சிய பக்கங்கள் எல்லாம் நிரந்தர நிர்வாகத்திடம் போகும். அதற்கு ‘பட்டி’ என்று பெயர், கூட்டாளி என்று அர்த்தம். 4 கிலோபைட், 8, 16 என்று இரட்டித்து, வழக்கமாக 4 எம்பி வரை கட்டுக் கட்டாக வைத்திருக்கும். பெரிய கட்டைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும், இரண்டு பாதியும் திரும்பி வந்தால் மீண்டும் ஒட்டிவிடும். 1965-இல் கென்னத் நோல்ட்டன் எழுதிய யோசனை இன்றும் நம் போனுக்குள் ஓடுகிறது.

எங்களுக்கு மிகவும் பிடித்த வரி கடைசியில் வந்தது. ஆரம்ப வேலைக்கு மட்டும் தேவைப்பட்ட கேர்னல் பகுதிகள், வேலை முடிந்ததும் தாங்கள் இருந்த இடத்தையும் காலி செய்து கொடுத்துவிட்டுப் போகின்றன. எத்தனை கிலோபைட் திருப்பிக் கொடுத்தோம் என்றும் எழுதிவிட்டுப் போகின்றன. முகாமைத் திறந்து வைத்தவர்கள் தாங்கள் உட்கார்ந்த அறையையும் சனத்துக்கு விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதைப் போல.

சரி, அந்த 512 எம்பி? இந்தக் கொம்பியூட்டர்களில் திரைக்கென்று தனி கிரெஃபிக்ஸ் கார்ட் இல்லை. திரைக்கு வேண்டிய நினைவகத்தைப் பயோஸ் ரெம்மிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. யாரோ எப்போதோ அதை 512 என்று வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பயோஸுக்குள் போய் 64 ஆக மாற்றினார்கள். விண்டோஸ் 3.88 ஜிபி என்று காட்டியது. ஐந்து நிமிட வேலை, ஒரு ரூபா செலவில்லை. விண்டோஸும் இதை ஒளிக்கவில்லை. டாஸ்க் மெனேஜரில் நினைவகப் பக்கத்தில், வன்பொருளுக்கு ஒதுக்கியது என்று ஒரு சிறிய வரி எப்போதும் இருக்கிறது. நாங்கள் யாரும் அங்கே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டையும் பார்த்தோம். 11 நல்லவை. ஒன்று அடிக்கடி உறைந்து நின்றது. கேர்னல் எழும்பும்போதே ரெம்மில் எழுதி, திரும்ப வாசித்துச் சோதிக்கும் ‘மெம்டெஸ்ட்’ என்ற வசதி இருக்கிறது. பிழையான இடம் கண்டால் அதை ஒதுக்கிய பட்டியலில் போட்டுவிடும். அதைப் போட்டுப் பார்த்தபோது இரண்டு ரெம் பலகைகளில் ஒன்று பழுது என்று தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்கார நானா வாதம் ஒன்றும் செய்யவில்லை. மாற்றித் தந்துவிட்டு, “ஸேர், குரூப்ல என்ட கடைப் பேரப் போட்டு வந்தத நானும் பார்த்தேன்” என்றார். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவர் பெரிய மனசு, தேத்தண்ணி தந்து அனுப்பினார். ஆனால் அந்த வட்ஸ்அப் செய்தி போன இடமெல்லாம் எங்கள் மன்னிப்பு போகாது. அதனால்தான் இங்கே பகிரங்கமாக எழுதுகிறோம்: அவர் ஏமாற்றவில்லை. கணக்குப் பார்க்காமல் பேசியது நாங்கள்.

இனி எங்கள் கருத்துக்கு வருகிறோம்.

உயர்தர ஐசிடியில் பணிசெயல் முறைமை என்று ஒரு முழு அலகு இருக்கிறது. நினைவக முகாமைத்துவம், பக்கமாக்கல் எல்லாம் அதில் வரும். அதை நாங்கள் எப்படிப் படிப்பிக்கிறோம்? வரைவிலக்கணம் எழுதிக் கொடுக்கிறோம், பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள், கடந்தகால வினாத்தாள் செய்கிறார்கள். பக்கமாக்கல் என்றால் என்ன என்று கேட்டால் ஐந்து வரி ஒப்புவிப்பார்கள். அவர்கள் முன்னால் இருக்கும் கொம்பியூட்டரில் எத்தனை பக்கம் என்று கேட்டால் விழிப்பார்கள். அன்று 1,048,576-ஐத் தங்கள் கையால் கணக்குப் பார்த்த பிள்ளைகளுக்குப் பக்கமாக்கலை நாங்கள் மறுபடி சொல்லித் தரத் தேவைப்படவில்லை.

“பரீட்சைக்கு இது வராது ஸேர், நேரம் வீண்” என்று பெற்றோர் சிலர் சொல்வார்கள். ஒரு மாலை நேரம்தான் போனது, ஒரு அலகே விளங்கியது. “வேலைக்கு விண்டோஸ்தானே வேணும்” என்பார்கள். ரெம் கணக்கு எல்லா முறைமைக்கும் ஒன்றுதான். லினக்ஸ் அதைத் திறந்து காட்டுகிறது என்பதால் படிப்பிக்க வசதி. லினக்ஸ் எங்களுக்கு அந்நியமானதும் இல்லை. எங்கள் ஹந்தான மலையின் பெயரிலேயே ஹந்தான லினக்ஸ் என்று ஒன்றை இந்த நாட்டவர்கள் பாடசாலைப் பிள்ளைகளையும் மனதில் வைத்துச் செய்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைக்காகக் கொழும்பில் எழுதப்பட்ட ‘சஹானா’ திறந்த மென்பொருள் வெளிநாட்டு அனர்த்தங்களிலும் பாவிக்கப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் துறை இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். வழி கிட்டத்தில்தான் இருக்கிறது, தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு முதல் படியை யாராவது காட்ட வேண்டும்.

ஆகவே ஊர் மக்களிடம் மூன்று விடயங்கள்.

ஒன்று, விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்று ஆய்வுகூடத்துக் கொம்பியூட்டர்களைப் பழைய இரும்புக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் தூசி பிடித்துக் கிடப்பதையும் கொண்டுவந்து தாருங்கள். 4 ஜிபியில் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கலாம்.

இரண்டு, சக ஆசிரியர்களே, பணிசெயல் முறைமை அலகைத் தொடங்கும் நாளில் வெண்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டாம். கொம்பியூட்டரை எழுப்பி, அந்த முதல் வரிகளைப் பிள்ளைகளோடு தமிழில் வாசியுங்கள். உங்களுக்குத் தெரியாத வரி வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள். எங்களுக்கும் பாதி வரிகள் அன்றுதான் விளங்கின.

மூன்று, எல்லோருக்கும். ஒரு கொம்பியூட்டர் எழும்பியதும் முதலில் செய்வது தன்னிடம் என்ன இருக்கிறது, அதில் எது தனக்குரியதல்ல என்று எண்ணிப் பார்ப்பது. எண்ணி முடிக்காமல் யாருக்கும் ஒரு பக்கம்கூடக் கொடுக்காது. நாங்களோ எண்ணாமலே ஒரு மனிசனின் பேரை நூறு போன்களுக்கு அனுப்பினோம். அடுத்த முறை இப்படியான படம் குழுவில் வந்தால், பகிருமுன் ஐசிடி படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அந்தக் கடையைப் பற்றிய செய்தியை அனுப்பியவர்கள் இதையும் அதே குழுக்களுக்கு அனுப்பிவிடுங்கள். அது கடமை. மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.