வருஷ சாமானும் சனிக்கிழமை அரை மணி நேரமும்

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. வீட்டுக் கணக்கு பத்தின மொக்கைதான், பயப்படாம படிங்க :-)

போன வருஷம் ஒரு மாசம் ஒரு வேலை பண்ணினேன். யார் கடைக்குப் போனாலும் டிவி பக்கத்துல இருக்கிற நோட்டுல ஒரு கோடு போடணும். மாசக் கடைசியில எண்ணினா 47 கோடு! முப்பது நாளுக்கு 47 தடவை. ஒண்ணு கடுகுக்கு, இன்னொண்ணு பெருங்காயத்துக்கு. கடுகு வாங்கப் போனவர் (ஹி ஹி, நான்தான்) கடுகோட மட்டும் திரும்பினதா சரித்திரமே இல்லை. கூடவே ஒரு மிக்சர் பாக்கெட், ஒரு பிஸ்கெட்.

பரோட்டா கணக்கு தனி. நானும் தங்கமணியும் வேலை முடிஞ்சு வீடு சேர ராத்திரி எட்டாயிடும். ஃபிரிட்ஜைத் திறந்தா முட்டைக்கோஸ் நம்மளை முறைக்கும். "என்ன சமைக்கிறது?"னு பேச ஆரம்பிச்சு பத்தாவது நிமிஷம் சண்டை, பதினோராவது நிமிஷம் செல்போன்ல ஆர்டர். தடவைக்கு 350 ரூபாய், வாரம் மூணு தடவைன்னா மாசம் 4200. காசு போனாலும் பரவாயில்லை, அந்தப் பத்து நிமிஷச் சண்டை இருக்கே...

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க முதலியார்பேட்டையில அப்பாவுக்கு ஏ.எஃப்.டி. மில்லுல வேலை. 1898-ல ஆரம்பிச்சது, பெருசுங்களுக்கு அது எப்பவும் ரோடியர் மில்தான். மாசி, பங்குனியில புதுப்புளி வரும். அம்மா வருஷத்துக்கு வேண்டியதை அப்பவே வாங்கி, கொட்டை எடுத்து, கல்லுப்பு போட்டு பானையில அடைச்சிடுவாங்க. புது மிளகாயும் அதே சமயம்தான் வரும், காயவச்சு மெஷினுக்குப் போயிடும். வரத்து இருக்கும்போது வாங்கினா விலை குறைச்சல், ஐப்பசி மழையில வாங்கினா அதிகம்ங்கிறதை அவங்களுக்கு யாரும் பவர்பாயிண்ட் போட்டுச் சொல்லித் தரலை.

சித்திரை வெயில் வந்தா வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை எல்லாம் இடிச்சுக் கலந்து, மஞ்சள் போட்டு, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, மொட்டை மாடியில காயவைக்கணும். காக்கா விரட்டுற டூட்டி எனக்கு. (இதைத்தான் பிரெஞ்சுக்காரங்க வடுவான்னு பேர் வச்சு மசாலாத் தூளா விக்கிறாங்க. நம்ம ஊர் அம்மாக்களுக்கு ராயல்டி வந்த மாதிரி தெரியலை.) கோடையில ஒரு வாரம் பத்து நாள் வேலை. அப்புறம் வருஷம் பூரா ஒரு துண்டு கிள்ளி எண்ணெயில போட்டா தாளிப்பு முடிஞ்சுது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? புதுச்சேரியில ஒரே நாள்ல அரை மீட்டருக்குக் கிட்ட மழை. கரண்ட் இல்லை, பால் இல்லை, எங்க தெருவுல முழங்கால் தண்ணி. ரெண்டு நாளும் எங்களைக் காப்பாத்தினது அம்மாவோட புளிப்பானையும் வடக டப்பாவும்தான். பக்கத்து வீட்டுக்கும் ஒரு தூக்கு குழம்பு போச்சு. "ஏண்டா, உன் செல்போன்ல சோறு வரலியா?"ன்னு அம்மா கேட்டது இன்னும் காதுல இருக்கு.

இதைச் சொன்னதும் "அந்தக் காலத்துப் பொம்பளைங்க சிக்கனமே சிக்கனம்"னு கிளம்பிடுவீங்க. எனக்கு அதுல முழு சம்மதம் இல்லை. அம்மாவால மொத்தமா வாங்க முடிஞ்சதுக்குக் காரணம், அப்பாவுக்கு மாசம் பொறந்தா சம்பளம், வருஷத்துக்கு ஒரு போனஸ். ஷிப்ட் எப்ப முடியும்னு முன்கூட்டியே தெரியும். அந்த எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்துலதான் இதே புதுச்சேரியில 1936 ஜூலை 30 அன்னைக்கு, துப்பாக்கிச் சூட்டுல 12 மில் தொழிலாளிங்க செத்தாங்க. மில்லும் 2020 ஏப்ரலோட மூடியாச்சு. இன்னைக்கு தினக்கூலிக்குப் போற வீட்டுல போய் "மொத்தமா வாங்குங்க, மலிவு"ன்னு உபதேசம் பண்ணினா அடிக்க வருவாங்க, வரணும். ரேஷன் அரிசிக்குப் பதிலா பேங்க்ல பணம் போட்டதையும் பார்த்தோம். கடைகள் பல வருஷம் பூட்டிக் கிடந்து 2024 அக்டோபர்லதான் திறந்துச்சு. மூட்டையில இருக்கிற அரிசி அரிசியாவே இருக்கும். அக்கவுண்ட்ல விழுற பணம் ரீசார்ஜ் ஆகும், சமயத்துல சரக்கும் ஆகும்.

இன்னொரு விஷயம். அந்தத் திட்டம் பூரா அம்மா மண்டைக்குள்ளதான் இருந்துச்சு. நான் எட்டாவது படிக்கும்போது அவங்களுக்கு டைபாய்டு. வீட்டுல சகலமும் இருந்துச்சு, எது எந்த டப்பாவுலன்னு எங்க யாருக்கும் தெரியலை. அப்பா காபியில உப்பைப் போட்டார்! அதே பாரத்தைத் தூக்கி தங்கமணி தலையில வச்சா எனக்கு டென்ஷன் குறையும், அவங்களுக்கு ஏறும். அது திட்டம் இல்லை, தள்ளிவிடுறது.

அதனால இப்ப சனிக்கிழமை ராத்திரி அரை மணி நேரம் மூணு பேரும் உட்கார்றோம். பழைய காலண்டர் தாள் பின்பக்கம் அஞ்சு நாள் ராத்திரிச் சாப்பாடு, யார் காய் நறுக்கறது, யார் பாத்திரம் கழுவறது எல்லாம் எழுதி சமையக்கட்டு சுவத்துல ஒட்டிடுவோம். ஏழு நாளுக்கும் எழுதினப்ப சரிப்படலை, புதன்கிழமை கீரை வெள்ளிக்கிழமை குப்பைக்குப் போச்சு. ரெண்டு நாள் காலியா விட்டதும் ஓடுது. ஞாயித்துக்கிழமை காலையில பெரிய மார்க்கெட் என் பொறுப்பு.

வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற செலவுகளையும் எழுதினோம். ஸ்கூல் ஃபீஸ், வண்டி இன்சூரன்ஸ், வீட்டு வரி, தீபாவளி எல்லாம் கூட்டினா 48,000. பன்னிரண்டால வகுத்தா மாசம் 4000. அட, பரோட்டா காசு! இப்ப அது போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில போகுது. முன்னெல்லாம் ஸ்கூல் திறக்கிற மாசம் தங்கமணியோட வளையல் அடகுக்கடைக்கு டூர் போயிட்டு வரும். இந்த வருஷம் கையிலேயே இருந்துச்சு. அவங்க ஒண்ணும் சொல்லலை. ஆனா பீஸ் கட்டப் போன அன்னைக்கு அதைப் போட்டுக்கிட்டுத்தான் வந்தாங்க.

போன சனிக்கிழமை தாளை ஒட்டப் போறப்ப பார்த்தேன். காலியா விட்ட வெள்ளிக்கிழமையில, பென்சிலால, பாப்பா கையெழுத்துல "பரோட்டா"ன்னு இருந்துச்சு. நானும் அழிக்கலை :-)