மூடியைத் திறக்காத கணினிப் பாடம்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைக்கும்வரை எமது பிள்ளைகள் காத்திருக்கும் காலம் நீண்டது. பரீட்சை எழுதிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஓர் ஆண்டைத் தாண்டிவிடுவது வழமையாகிவிட்டது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அந்தக் காலத்தை நிரப்புபவை இரண்டு வகுப்புகள். ஒன்று ஸ்போக்கன் இங்கிலிஷ், மற்றது ‘கம்பியூட்டர் கோர்ஸ்’. பொறியியல் பீடம் போகவிருக்கும் பிள்ளையும் அங்கே வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் பழகிச் சான்றிதழோடு வெளியே வருகிறது. உள்ளீட்டுச் சாதனங்கள் எவை, வெளியீட்டுச் சாதனங்கள் எவை என்ற பட்டியல் கொப்பியில் இருக்கிறது. தொடக்கூடியது வன்பொருள், தொட முடியாதது மென்பொருள் என்ற வரைவிலக்கணமும் மனப்பாடம். தொட முடியாத ஒன்று தொடக்கூடிய ஒன்றை எப்படி ஆட்டுவிக்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை.

பிள்ளையைக் குறை சொல்ல ஏதுமில்லை. பொறியியல் பீட அனுமதிக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை எடுக்க இடமுண்டு. எடுத்தால் கணினி விஞ்ஞானம் போன்ற கற்கைகளுக்குப் போகலாம், ஆனால் பொறியியல் கதவு மூடிக்கொள்ளும். உயர்தரத்தில் கணினியை ஆழமாகப் படித்தவர் பொறியியல் பீடத்துக்குப் போக முடியாது, பொறியாளராகப் போகிறவர் அதைப் படித்திருக்கத் தேவையில்லை என்பதே இன்றைய ஏற்பாடு. சாதாரண தரத்திலும் அது விருப்பப் பாடம்தான். பிறகு மொறட்டுவையிலோ பேராதனையிலோ கிளிநொச்சியிலோ முதலாம் ஆண்டு தொடங்கியதும், சிவில் படிக்கப் போகிறவரும் இயந்திரவியல் படிக்கப் போகிறவரும் நிரல் எழுத உட்கார வேண்டும். தமிழ்மொழி மூலத்தில் வந்த பிள்ளை அன்றைக்கு இரண்டு புதிய மொழிகளை ஒரேயடியாகச் சந்திக்கிறது. ஒன்று விரிவுரையின் ஆங்கிலம், மற்றது திரையில் தெரியும் நிரல்மொழி.

ஆனாலும் அந்தப் பிள்ளை வெறுங்கையோடு போகவில்லை. உயர்தரப் பௌதிகவியலில் இலத்திரனியல் அலகு இருக்கிறது. திரான்சிஸ்டரும் தருக்கப் படலைகளும் அதில் வருகின்றன. கொட்டாஞ்சேனை டியூஷன் வகுப்புகளில் இரவிரவாக உண்மை அட்டவணை வரைந்த கைகள் இவை. இரண்டு உள்ளீடுகளை ஓர் ‘எக்ஸ்-ஓர்’ படலைக்கும் ஓர் ‘அண்ட்’ படலைக்கும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் 1 என்றால் முதலாவது 0 தரும், இரண்டாவது 1 தரும். சேர்த்து வாசித்தால் 10, அதாவது துவித எண்ணில் இரண்டு. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதை இரண்டு படலைகள் கூட்டிவிட்டன. செயலிக்குள் இருக்கும் கூட்டல் சுற்றும் இதே கருத்தை 64 பிட்டுகளுக்கு விரித்ததுதான். 3 கிகாஹேர்ட்ஸ் செயலி என்று கடைக்காரர் சொல்வது, விநாடிக்கு 300 கோடி கடிகாரத் துடிப்புகளில் இந்தப் படலைகளை ஓட்டும் பொருளைத்தான். ஓர் ஆசிரியர் அரை மணித்தியாலத்தில் தமிழிலேயே காட்டிவிடக்கூடிய பாலம் இது. பரீட்சைக்கு வராது என்பதால் காட்டுவதில்லை.

நினைவகத்தையும் இப்படியே தொடலாம். கணினியின் ராம் என்பது கோடிக்கணக்கான மிகச் சிறிய கொள்ளளவிகளின் அடுக்கு. ஏற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. கொள்ளளவி கசியும் என்பது பௌதிகவியல் படித்த பிள்ளைக்குத் தெரியும். அதனால்தான் ராம் சில பத்து மில்லிசெக்கன்களுக்கு ஒரு தடவை தன்னைத்தானே வாசித்துத் திரும்ப எழுதிக்கொள்கிறது. மின் போனால் எல்லாம் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டிய நாட்களில், சேமிக்காத ஒப்படைகளை இழந்த வீடுகள் கொழும்பில் எத்தனை! அந்த இழப்பின் காரணம் பிள்ளையின் பௌதிகவியல் கொப்பியிலேயே இருந்தது.

மென்பொருள் நுழையும் இடமும் இங்கேதான். இந்தச் சுற்று கூட்டட்டும், அந்தச் சுற்று ஒப்பிடட்டும் என்று சொல்லும் கட்டளையும் 0, 1 வரிசைதான். அதுவும் தரவு இருக்கும் அதே நினைவகத்தில்தான் கிடக்கிறது. 1945இல் ஜோன் வொன் நொய்மன் எழுத்தில் வைத்த இந்தக் கருத்தின் மேல்தான் இன்றைய கணினிகள் நிற்கின்றன. கட்டளையும் எண் என்பதை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு, வைரஸ் எப்படிப் புகுகிறது, பணிசெயல் முறைமை எதற்கு, ‘இன்ஸ்டோல்’ செய்தால் உண்மையில் என்ன நடக்கிறது என்பவை தனித்தனியாகப் பாடமாக்க வேண்டியவை அல்ல.

எமது எழுத்தையே எடுத்துப் பார்ப்போம். கொட்டாஞ்சேனை என்று தட்டச்சு செய்யுங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிகோட் கணக்கில் 12 குறியீடுகள், ஏனென்றால் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு, ‘ட்’ என்பது டகரமும் புள்ளியுமாக இரண்டு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 36 பைட். விசைப்பலகைக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. எந்த விசை அமுங்கியது என்ற இலக்கத்தை மட்டும் அது அனுப்புகிறது. அந்த இலக்கம் எந்த எழுத்து என்று முடிவெடுப்பது பணிசெயல் முறைமை, அதற்கு உருவம் கொடுப்பது எழுத்துரு. எமது அச்சகங்களில் இன்னும் புழங்கும் பாமினி எழுத்துருவில் நடப்பது வேறு. கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள், தமிழாக வரைந்து காட்டுவது எழுத்துரு மட்டும். கல்யாணக் கார்டுக்கான கோப்பை பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவது அதனால்தான். வன்பொருள், தரவு, மென்பொருள் மூன்றும் எங்கே பிரிகின்றன என்பதை இதைவிடத் துலக்கமாக எந்தப் பாடநூல் காட்டும்?

சிவில் படிக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் கேட்கலாம். 1991 ஓகஸ்ட் 23ஆம் திகதி நோர்வேயில் ஸ்லைப்னர்-ஏ என்ற எண்ணெய் மேடையின் பிரமாண்டமான கொங்கிறீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. கணினியில் செய்த பகுப்பாய்வில் சில பகுதிகளின் வெட்டுத்தகைப்பு ஏறக்குறைய 47 வீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. மென்பொருள் கொடுத்த வேலையைச் செய்தது. கட்டமைப்பை அதற்குப் போதாத அளவு பெரிய துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தவர்கள் மனிதர்கள், வந்த விடையை நம்பியவர்களும் மனிதர்கள்.

இன்னும் கொடியது தெராக்-25. கனடாவில் தயாரான இந்தக் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளர்களுக்கு அளவுமீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது, உயிர்களும் போயின. இதற்கு முந்திய மாதிரியான தெராக்-20இல், பிழையான நிலையில் கதிர் பாயாமல் தடுக்கும் வன்பொருள் பூட்டுகள் இருந்தன. புதிய மாதிரியில் அவற்றை எடுத்துவிட்டு, அந்தப் பொறுப்பை மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். விசாரித்தபோது தெரியவந்தது: மென்பொருள் வழு பழைய இயந்திரத்திலும் இருந்திருக்கிறது, அங்கே பூட்டு தடுத்ததால் யாருக்கும் தீங்கு நேரவில்லை, வழுவையும் யாரும் கவனிக்கவில்லை. எதை வன்பொருளிடம் விடுவது, எதை மென்பொருளிடம் விடுவது என்பது பொறியாளர் எடுக்கும் முடிவு. அந்த முடிவை எடுக்கப்போகிறவருக்கு முதல் பாடமே தொட முடியும், தொட முடியாது என்ற வரைவிலக்கணத்தோடு நின்றுவிடுவது எனக்கு மன்னிக்க முடியாததாகத் தெரிகிறது.

வீட்டுச் செலவிலும் இந்த அறியாமைக்கு விலை இருக்கிறது. 2022இல் ரூபாய் சரிந்து, டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது புதிய மடிக்கணினி பல குடும்பங்களுக்கு எட்டாப் பொருளாயிற்று. பாவித்த மடிக்கணினியைத் தேடி பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கும் புறக்கோட்டைக்கும் போகிறோம். “ஐ5 அங்கிள், நல்ல மெஷின்” என்பார்கள். எத்தனையாவது தலைமுறை ஐ5 என்று கேட்கத் தெரிய வேண்டும். 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக்கு முந்திய மடிக்கணினி ஐ5கள் பெரும்பாலும் இரண்டு கோர் கொண்டவை, பொதுவாக விண்டோஸ் 11ஐ அதிகாரபூர்வமாக ஏற்காதவை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அப்படியொரு மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் எறியத் தேவையில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, ராமைக் கூட்டி, உபுண்டு போன்ற இலவச லினக்ஸை நிறுவினால் முதலாம் ஆண்டு நிரல் வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். இதைச் செய்யத் தெரிந்த பிள்ளை பெற்றோரின் பணத்தைக் காப்பாற்றுகிறது, பணிசெயல் முறைமையையும் தன் கையாலேயே படித்துவிடுகிறது.

ஆகவே அந்தக் காத்திருப்புக் காலத்தை வேறு விதமாகச் செலவழிக்கலாம். விவேகானந்தா கல்லூரி, புனித பெனடிக்ட் கல்லூரி போன்ற அயல் பாடசாலைகளின் பழைய மாணவர்களில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், கனடாவிலும் லண்டனிலும் மென்பொருள் துறையில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பரிசளிப்பு விழாக் கேடயங்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி போதும். அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய டெஸ்க்டொப் பத்து, சில ஸ்க்ரூ டிரைவர், ஒரு மல்டிமீட்டர், படலைச் சுற்றுகள் கட்டிப் பார்க்க நூறு இருநூறு ரூபாய் விலையில் சில ஐசிகள். பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரும் பொறியியல் பீட மூத்த மாணவர் ஒருவரும் சேர்ந்து சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்தலாம். விளக்கம் தமிழில் இருக்கட்டும், ஆங்கிலச் சொல்லை அதோடு சேர்த்தே பழக்கட்டும். பீடத்தில் அந்தச் சொல்லைக் கேட்கும்போது பொருள் ஏற்கெனவே பிள்ளையின் கைக்குள் இருக்கும்.

மேலதிக வகுப்புப் பணம் கட்ட வசதியில்லாத ஜம்பட்டா வீதிப் பிள்ளைக்கும் அங்கே இடம் இருக்க வேண்டும். பெண்பிள்ளைகளைக் குறிப்பெடுக்க உட்காரவைத்துவிட்டு ஆண்பிள்ளைகள் மட்டும் மூடியைக் கழற்றும் வழக்கம் அங்கே கூடாது. முதல் சனிக்கிழமைக்குப் பாடத்திட்டம் எழுதிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கணினியைக் கழற்றி, ராமை எடுத்துவிட்டு மின்னைக் கொடுத்து, அது ஏன் பீப் ஒலி எழுப்புகிறது என்று தானே கண்டுபிடித்துத் திரும்பப் பூட்டட்டும்.