கைபேசியும் நினைவட்டையும்

செல்வர்க்கு இல்லாத ஓர் இடர் இன்று எளியார் கையகத்தே குடிபுகுந்துளது. 'இடம் போதாது' என்று கைபேசி காட்டும் அறிவிப்பே அது. குறைந்த விலைக்கு வாங்கிய கைபேசி சிறிது காலத்திலேயே நிறைந்துவிடுகின்றது; புதிய படம் எடுக்கவும் இடமில்லை; தேர்வுக்கு வேண்டிய செயலியை இறக்கிக்கொள்ளவும் இடமில்லை. இதற்கு நண்பரும் கடைக்காரரும் உடனே கூறும் மருந்து ஒன்றுண்டு. 'மெமரி கார்டு ஒன்று வாங்கிச் செயலிகளை அதற்கு மாற்றிவிடு' என்பதே அம்மருந்து. அது நோயைத் தீர்க்குமா, வேறு நோயை விளைக்குமா என்று ஆராய்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும். நினைவட்டை வாங்குதல் நன்றே. ஆயின் அதற்கு மாற்றத்தக்கவை செயலிகள் அல்ல, நாம் திரட்டிவைத்த படங்களும் பாடங்களுமே என்பது எளியேன் கருத்து.

இஃது ஒரு சிறு செய்தி, இதற்கொரு கட்டுரை வேண்டுமோ என்று சிலர் நகைக்கலாம். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவிக் கல்விக்கூடங்கள் அடைபட்டபோது கைபேசியே பலர்க்கு வகுப்பறையாயிற்று. 2015 முதல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ள டிஜிலாக்கர் வந்தது. 2016 முதல் யூ.பி.ஐ. வழியே பணம் கொடுத்தலும் வாங்கலும் நிகழ்கின்றன. நம் காஞ்சியில் பட்டு நெய்வோர் இல்லங்களிலும் கரையின் படமும் முந்தானையின் படமும் கைபேசி வழியாகவே வாங்குவோர்க்குச் செல்கின்றன. ஒரே கருவியை வீட்டார் மூவர் நால்வர் பகிர்ந்துகொள்ளும் இல்லங்களும் உள. இத்தகையோர்க்குக் கைபேசியில் இடமின்மை என்பது கல்விக்கும் பிழைப்புக்கும் இடமின்மையே அன்றோ?

செயலிகளை அட்டைக்கு மாற்றும் வழக்கம் எங்ஙனம் தோன்றியது என்பதை முதற்கண் காண்போம். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியின் உள்நினைவகம் 256 மெகாபைட்டே. இக்காலத்துச் செயலி ஒன்றே அவ்வளவு இடத்தை விழுங்கிவிடும். ஆகவே 2010இல் ஆண்ட்ராய்டு 2.2 வெளிவந்தபோது, செயலிகளை அட்டைக்கு மாற்றும் வசதியும் உடன் வந்தது. அக்காலத்துக்கு அது பெருந்துணையே. எனினும் அக்காலத்து மருந்தை இக்காலத்து நோய்க்கு ஆராயாது கொடுத்தல் தகுமோ?

மாற்றப்படும்போது உண்மையில் மாறுவது யாது என்று பார்த்தல் வேண்டும். செயலியின் மூலக் கோப்பு மட்டுமே அட்டைக்குச் செல்லும். நாம் அதனுள் சேர்த்த தரவுகளும் அதன் பதிவேடுகளும் கைபேசியின் உள்நினைவகத்திலேயே தங்கிவிடும். ஆதலின் நூறு பங்கு இடம் பெறுவோம் என்று எண்ணியவன் அதில் ஒரு பகுதியே பெறுகின்றான். அன்றியும், செயலியை ஆக்கியோர் இசைவு தந்திருந்தாலன்றி அதனை மாற்றவும் இயலாது. கைபேசியுடன் வந்த செயலிகளோ இடம் பெயரமாட்டா. அட்டையைக் கழற்றின் அதிலுள்ள செயலிகள் உடனே நின்றுவிடும். அதனாலேயே காலையில் எழுப்பும் மணி, தமிழில் எழுத உதவும் விசைப்பலகை போன்றவற்றை அட்டையில் வைத்தலாகாது என்று ஆண்ட்ராய்டை வகுத்தோரே அறிவுறுத்தியுள்ளனர்.

அடுத்து, விரைவு குறித்துச் சில சொல்வேன். நினைவட்டையின் முன்னோராகிய எஸ்.டி. அட்டையை 1999இல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா என்னும் மூன்று நிறுவனங்கள் கூடி அறிவித்தன. படங்களையும் இசையையும் தொடர்ச்சியாக எழுதிவைத்தலே அதன் தலையாய தொழில். செயலியின் தேவையோ வேறு. அது நொடிதோறும் சிறு சிறு துணுக்குகளை அங்குமிங்கும் தேடிப் படிக்கும், எழுதும். ஒரு நூலை முதலிலிருந்து இறுதிவரை படித்தற்கும், ஓர் அகராதியில் நூறு சொற்களை மாறிமாறித் தேடுதற்கும் உள்ள வேற்றுமை போன்றது இது. இக்குறையை உணர்ந்தே 2016இல் ஏ1 என்னும் தரம் வகுக்கப்பட்டது. அத்தரம் பெற்ற அட்டை நொடிக்கு 1500 முறை தேடிப் படிக்கவும் 500 முறை எழுதவும் வல்லதாதல் வேண்டும். பின்னர் வந்த ஏ2 தரத்துக்கு இவ்வெண்கள் 4000, 2000 என உயர்ந்தன. இக்குறி இல்லாத மலிவான அட்டையில் செயலியை வைப்பவன், இடம் பெற்றுக் காலத்தை இழக்கின்றான்.

இவற்றினும் கொடிது ஒன்றுண்டு. 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0, அட்டையையே உள்நினைவகத்தின் ஒரு பகுதியாக்கிக்கொள்ளும் வசதியைத் தந்தது. பல நிறுவனங்கள் தம் கருவிகளில் இதனைத் தரவில்லை, சில தந்தன. அங்ஙனம் ஆக்கப்படும்போது அட்டையில் முன்பிருந்தவை அழிக்கப்படும்; பின்னர் எழுதப்படுவன எல்லாம் மறைகுறியில் எழுதப்படும்; அதன் திறவுகோல் அக்கைபேசிக்குள்ளேயே இருக்கும். கைபேசி பழுதுற்றால் அட்டை நலமாயிருந்தும் பயனில்லை. வேறெந்தக் கருவியும் அதனைப் படிக்க இயலாது. தன் கரை வடிவங்களின் படங்களை எல்லாம் அங்ஙனம் வைத்திருந்த நெசவாளர் ஒருவர், கைபேசி கீழே விழுந்துடைந்த அன்றே அனைத்தையும் இழப்பார். வெளியே கழற்றி எடுக்கக்கூடியது என்று நாம் நம்பிய பொருள், உள்ளிருக்கும் பொருளோடு உடன்கட்டை ஏறிவிடுகின்றது.

எது உள்ளிருத்தல் வேண்டும், எது வெளியிருத்தல் தகும் என்பதை அறிய நாம் வேற்றூர்க்குச் செல்ல வேண்டா. பிள்ளையார்பாளையத்துத் தறி ஒன்றை நோக்கினால் போதும். 1804இல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு அமைத்த பொறியின் வழிவந்த பெட்டி தறியின் மேல் இருக்கின்றது. துளையிட்ட அட்டைகள் தொடராகக் கோக்கப்பட்டு அதனின்று தொங்குகின்றன. எந்தப் பாவிழை எழவேண்டும், எது தாழவேண்டும் என்பதை அத்துளைகளே அறிவிக்கின்றன. மயில்கண் நெய்த தறியில் வேறு கரை நெய்யவேண்டின், நெசவாளர் அட்டைத் தொடரை மாற்றுவாரேயன்றித் தறியைப் பெயர்த்துத் திண்ணையில் வைப்பாரல்லர். கணிப்பொறி பிறக்குமுன்னரே இவ்வட்டைகள் நினைவட்டைகளாகத் தொழில் புரிந்தன என்னலாம். 1890இல் அமெரிக்க நாட்டு மக்கள்தொகையை எண்ணவும் துளையட்டையே உதவிற்று. செயலி என்பது தறி. படமும் பாடமும் அட்டைத் தொடர். தொழிற்படுவது உள்ளே நிலைத்திருக்க, சேமிக்கப்படுவது வெளியே அடுக்கப்படுதலே முறை.

'அங்ஙனமாயின் யாம் செய்யவேண்டுவது யாது?' என்று வினவுவார்க்கு விடை எளிது. முதலாவது, ஒளிப்படக் கருவியின் அமைப்பில் படங்கள் நேரே அட்டையில் பதியுமாறு செய்துகொள்ளலாம். இரண்டாவது, வாட்சாப்பில் வரும் படங்களும் காணொளிகளும் தாமே இறங்காதவாறு தடுத்துவிடலாம். நாள்தோறும் வரும் காலை வணக்கப் படங்களைக் களைந்தாலே இடம் மிகுதியாகக் கிடைக்கும். மூன்றாவது, பயன்படுத்தாத செயலியை மாற்றுதலினும் நீக்குதலே நன்று. வேண்டும்போது மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். நான்காவது, பழைய படங்களை அட்டைக்குக் கொண்டுசெல்லலாம். 1979ஆம் ஆண்டுக்குப் பின் 2019இல் நம் நகரில் அத்தி வரதர் 48 நாள் வெளிவந்திருந்தபோது எடுத்த படங்களைப் போற்றிக் காப்பவர் பலர். அவை காக்கத்தக்கனவே, எனினும் நாள்தோறும் கையாளும் கருவியின் உள்ளறையை அவை அடைத்துக்கொண்டிருத்தல் வேண்டா.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். நினைவட்டை இறவாத பொருளன்று. அதன் நுண்ணறைகள் குறித்த அளவே எழுதியழிக்கப்படும் ஆற்றலுடையன. பதினைந்து மில்லிமீட்டர் நீளமும் பதினொரு மில்லிமீட்டர் அகலமுமே உள்ள சிறு துண்டாதலின் எளிதில் தொலைந்தும் போம். பொய்யான அளவு பொறித்த போலி அட்டைகளும் சந்தையில் உண்டு. ஆகவே இன்றியமையாதவற்றுக்கு ஒரு படி வேறிடத்தும் இருத்தல் வேண்டும். தமிழ் பயில்வார்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டுத் தந்தார்கள். பலவூர்களில் பலர் படியெடுத்து வைத்த ஏடுகள் எஞ்சியிருந்தமையாலன்றோ அவற்றை ஒப்புநோக்கிப் பதிப்பித்தல் அவர்களுக்குக் கைகூடிற்று? ஒரே ஏட்டில் இருந்த நூல் அவ்வேட்டோடு அழிந்தது; படி பல பெற்ற நூல் பிழைத்தது.

இறுதியாக, வாங்குவோர் மேல் மட்டும் குற்றம் சுமத்துதல் முறையன்று. 2007இல் தோன்றிய ஐபோன் தொடக்கமுதலே அட்டைக்கு இடமளித்ததில்லை. சாம்சங் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட கேலக்சி எஸ்21 வரிசையில் அட்டைப் பொந்தை நீக்கிற்று. வேறு பல கருவிகளில் இரண்டாம் சிம் வேண்டுமா, நினைவட்டை வேண்டுமா என்று ஒன்றைத் தெரிந்துகொள்ளும் நிலை உள்ளது. உள்நினைவகத்துக்கு மிகுவிலை கொடுக்க இயலாதவர்க்கு அட்டைப் பொந்து ஓர் அணியன்று, உயிர்நாடி. ஆகவே கைபேசி வாங்கச் செல்லும் மாணவ நண்பர்காள்! நிறத்தையும் ஒளிப்படக் கண்களின் எண்ணிக்கையையும் வினவுமுன், உள்ளே எஞ்சும் இடம் எவ்வளவு, அட்டைக்கும் இரண்டு சிம்முக்கும் தனித்தனி இடம் உண்டா என்று வினவுங்கள். வீட்டிலுள்ள பெற்றோர்க்கும் அண்டை அயலார்க்கும் படங்களை மாற்றும் முறையைக் கற்பியுங்கள். நாம் பெற்ற கல்வி பிறர்க்கு இத்துணைச் சிறு வகையிலேனும் பயன்படுமாயின் அது வீண்போகாது. தறியைத் தறிக்குரிய இடத்தும், அட்டையை அட்டைக்குரிய இடத்தும் வைக்கப் பழகுவோமாக.