தொண்டமான் மீதான பிழையான குற்றச்சாட்டு

சௌமியமூர்த்தி தொண்டமானைப் பற்றிப் பேசுவோர் பலர் 1978ஆம் ஆண்டுடனேயே தமது தீர்ப்பை எழுதி முடித்துவிடுகின்றனர். 1972இல் செல்வநாயகம், ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஆகியோருடன் தமிழர் கூட்டணியின் தலைமையில் இருந்தவர், 1976இன் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை ஏற்காது விலகி நின்றார், 1978இல் ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் அமைச்சரவையிற் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். ஆகவே பதவிக்காக இனத்தைக் கைவிட்டார் என்பது அத்தீர்ப்பு. இது பிழையான குற்றச்சாட்டு. அதனினும் கேடானது, உண்மையான குற்றச்சாட்டை இது மறைத்துவிடுகின்றது என்பதே.

அமைச்சர் பதவியை ஏற்றலே துரோகமாயின், அளவுகோல் யாவர்க்கும் ஒன்றாதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. அதே ஆண்டிற் பொன்னம்பலம் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்தார். செல்வநாயகம் பிரிந்து சென்று 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். உரிமையைப் பறித்த அரசில் ஒருவர் அமர்ந்தார். பறிக்கப்பட்டதை மீட்கும் பேரத்துடன் முப்பது ஆண்டுகளின் பின் மற்றொருவர் அமர்ந்தார். முன்னையதைப் பழங்கதை என்று கடந்து, பின்னையதை மட்டும் துரோகம் என்று நிறுத்துவது எவ்வகை நியாயம்?

மேலும், கம்பளையிலும் புசல்லாவையிலும் தெல்தோட்டையிலும் லயங்களில் வாழ்ந்த தொழிலாளிக்கு, வடக்கையும் கிழக்கையும் எல்லையாகக் கொண்ட தனிநாட்டில் என்ன இடம் இருந்தது? அவனுடைய தலைவிதியை 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோவும் சாஸ்திரியும் எழுதினர். இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தேயிலைப் பெட்டிகளைப் பங்கிடுவது போல மனிதரைப் பங்கிட்டனர். கண்டியிலுள்ள இந்தியத் தூதரக அலுவலகத்திற் கடவுச்சீட்டுக்காகக் காத்து நின்றவர்களையும், தலைமன்னார்க் கோச்சியை வழியனுப்பிய ஒப்பாரியையும் அறிந்தோர், தொண்டமான் கொழும்புடன் பேரம் பேசியதைக் கண்டு வியக்கமாட்டார்.

அப்பேரத்தின் விளைவுகளை நோக்குவோம். 1978ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு, வம்சாவழிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்னும் வேறுபாட்டை நீக்கியது. 1984இன் வேலைநிறுத்தம் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளத்தைப் பெற்றுத் தந்தது. 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்தை அடுத்து அவ்வாண்டிலும் 1988இலும் குடியுரிமைச் சட்டங்கள் நிறைவேறின. எஞ்சியதை, அவர் மறைந்து நான்கு ஆண்டுகளின் பின், 2003இன் சட்டம் முடித்து வைத்தது. ஆயினும் இவை அமைச்சர் நாற்காலியின் கொடைகள் எனப் போற்றும் அடியார்களுக்கும் ஒன்று கூறவேண்டும். கொழுந்து பறிக்கும் கைகள் ஓய்ந்தபோதே கொழும்பின் காது திறந்தது. அக்கைகள் இல்லையேல் அந்நாற்காலிக்கு எவ்வலுவும் இருந்திராது.

இனி உண்மையான குற்றச்சாட்டுக்கு வருவோம். அது காணி பற்றியது. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. தொழிலாளிக்குக் காணி கிடைக்கவில்லை. 1992இல் அரசு தோட்டங்களின் முகாமையைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்தது, அப்போதும் கிடைக்கவில்லை. முதல் முறை தொண்டமான் அரசுக்கு வெளியே நின்றார். இரண்டாம் முறை அமைச்சரவையினுள்ளே இருந்தார். அவருடைய மக்களின் கையில் வாக்குச் சீட்டும் இருந்தது. சம்பளத்துக்கும் குடியுரிமைக்கும் திரட்டிய வலிமையை அவர் காணிக்காக ஏன் திரட்டவில்லை? இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்துக்கு உரிமையாளராயிருந்தவரிடம் இக்கேள்வியைக் கேட்பது தொழிலாளியின் உரிமை.

துரோகி என்று தூற்றுவோரும் தெய்வம் என்று தொழுவோரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. பேராதனை வளாகத்துக்கு மேலே ஹந்தானைச் சரிவிலுள்ள தோட்டங்கள் நம் கண்ணெதிரேயே உள்ளன. பிரஜையாகிவிட்ட தொழிலாளியின் பெயரில் அவன் குடியிருக்கும் மண்ணுக்கு உறுதி எழுதப்படும்வரை, மலையகத்தின் பெயரால் அமைச்சராகும் எவரிடமும் நாம் முதலிற் கேட்கவேண்டியது இதுவே: காணி எங்கே?