ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு முறை

2023 ஜூலை 14ஆம் நாள் சந்திரயான்-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அடுத்த மாதம் 23ஆம் தேதி நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து மேலே வந்தவர் என்று நம்மவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்ந்தோம். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் கைதட்டியதோடு நம் வேலை முடிந்து விட்டதா என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்ட பிறகு ஸ்ரீஹரிகோட்டா நெல்லூரைச் சேர்ந்ததல்ல; திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாகச் சூலூர்ப்பேட்டைக்குப் பஸ் ஏறினால் அரை நாளில் போய்ச் சேரலாம். இவ்வளவு அருகில் இருக்கும் அந்த ஏவுதளத்துக்குப் பள்ளி மாணவர்களையும் கோடை விடுமுறையில் அழைத்துக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்பது நம் குடும்பங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இஸ்ரோ 2019இல் தொடங்கிய திட்டம் அது. 'யுவிகா' என்று பெயர். இளம் விஞ்ஞானிகள் திட்டம் என்று பொருள் கொள்ளலாம். கொரோனாவால் தடைபட்டு 2022இல் மீண்டும் தொடங்கியது. மே மாதத்தில் இரண்டு வாரம் மாணவ மாணவியரை இஸ்ரோவின் மையங்களில் தங்க வைக்கிறார்கள். திருவனந்தபுரம், பெங்களூரு, ஆமதாபாத், ஹைதராபாத், ஷில்லாங் ஆகிய இடங்களோடு 2023இல் ஸ்ரீஹரிகோட்டாவும் டேராடூனும் சேர்ந்தன. விஞ்ஞானிகளின் வகுப்புகள், ஆய்வுக்கூடங்களைச் சுற்றிப் பார்த்தல், சிறிய ராக்கெட் மாதிரி செய்தல், இரவில் வானத்தைப் பார்த்தல் என்று நாட்கள் போகும். தங்கும் இடம், சாப்பாடு, பாடப் பொருள்கள் எல்லாம் இலவசம். மாணவருக்கும் துணைக்கு வரும் பெற்றோர் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தைக்கூட இஸ்ரோவே தருகிறது.

முதல் ஆண்டில் மாநிலத்துக்கு 3 பேர் வீதம் நாடு முழுவதற்கும் சுமார் 110 பேரைத்தான் எடுத்தார்கள். பிறகு அது முந்நூறைத் தாண்டியது. விண்ணப்பிப்பவர்களோ லட்சக் கணக்கில். ஆகவே கிடைத்தே தீரும் என்று யாரும் சொல்ல முடியாது.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்தான் விண்ணப்பிக்கலாம். எட்டாவதில் முடியாது, பத்தாவதிலும் முடியாது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரி கடைசியில் வரும். மார்ச்சில் முடிந்து விடும். 2025இல் பிப்ரவரி 24 முதல் மார்ச் 23 வரை நேரம் கொடுத்தார்கள். மே 19 முதல் 30 வரை பயிற்சி நடந்தது.

நம் வீடுகளில் ஒன்பதாம் வகுப்பு எப்படிப் போகிறது? சித்தூரிலும் திருப்பதியிலும் கார்ப்பரேட் பள்ளிகளுக்குக் குறைவில்லை. ஆறாம் வகுப்பிலேயே 'ஐஐடி பவுண்டேஷன்' என்று சேர்த்து விடுகிறோம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்ட பிள்ளை இரவுதான் வீடு திரும்புகிறது. அறிவியல் கண்காட்சிக்கு அட்டையும் பசையும் வாங்கித் தரச் சொன்னால் "அதற்கு மார்க் உண்டா?" என்று கேட்கிறோம். மார்க் உண்டு என்பதுதான் வேடிக்கை.

யுவிகா தேர்வு முறையில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பாதிதான், நூற்றுக்கு 50. இணையவழி வினாடி வினாவுக்கு 10. அறிவியல் கண்காட்சியில் கலந்து கொண்டிருந்தால் பள்ளி அளவில் 2, மாவட்ட அளவில் 5, மாநில அளவில் 10. ஒலிம்பியாட் போன்ற போட்டிகளில் பரிசு பெற்றிருந்தால் அதிகபட்சம் 5, விளையாட்டுக்கு 5, சாரணர் இயக்கம் அல்லது என்சிசியில் இருந்தால் 5. பஞ்சாயத்துப் பகுதியிலுள்ள கிராமத்துப் பள்ளியில் படிப்பவருக்கு 15. இவை சமீப ஆண்டுகளின் கணக்கு. அந்தந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை சரி பார்த்துக் கொள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். திருப்பதி நகரத்துப் பள்ளியில் 96 சதவீதம் எடுத்த பிள்ளைக்கு அதற்காக 48. வினாடி வினாவில் 8. வேறெதற்கும் நேரம் கொடுக்காததால் மொத்தம் 56. சத்தியவேட்டிலோ பிச்சாட்டூரிலோ ஜில்லா பரிஷத் பள்ளியில் 80 சதவீதம் எடுத்த பிள்ளைக்கு 40, பள்ளிக்காக 15, வினாடி வினாவில் 7, பள்ளிக் கண்காட்சிக்கு 2. மொத்தம் 64. சாரணராகவும் இருந்தால் 69. இந்த ஜில்லா பரிஷத் பிள்ளைக்கு இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதைச் சொல்ல ஆளில்லை. அப்பா தறியிலோ மாந்தோப்பிலோ வேலை செய்வார். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் தெலுங்கு, அறிவிப்பு வருவதோ ஆங்கிலத்தில்.

இங்கேதான் நம் சங்கத்துக்கு வேலை இருக்கிறது என்பது என் கருத்து. குடிபாலா, விஜயபுரம், பிச்சாட்டூர், சத்தியவேடு ஆகிய எல்லையோர மண்டலங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். பொங்கல் விழாவுக்கு அவர்களை அழைக்கிறோம்; கோலப் போட்டிக்குப் பரிசு கொடுக்கிறோம். பிப்ரவரியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டர் தெரிந்த நம் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் அங்கே போய் உட்கார்ந்தால் எத்தனை விண்ணப்பம் போடலாம்!

"நம் பிள்ளைக்குப் போட்டியை நாமே வளர்ப்பதா?" என்று ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்வி, மறைக்கத் தேவையில்லை. ஆம், வளர்ப்பதுதான். லட்சம் பேர் போட்டியிடும் இடத்தில் சத்தியவேட்டிலிருந்து பத்துப் பேர் கூடுவதால் நம் பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் குறைந்து விடாது. அந்தப் பத்துப் பேருக்கோ அது ஒன்றுதான் வாசல்.

இன்னொரு கேள்வியும் வரும். இரண்டு வாரம் போய் வந்தால் ஐஐடியில் சீட் கிடைக்குமா? கிடைக்காது. ஈஏபிசெட்டில் ஒரு மார்க் கூட ஏறாது. இதை ஆராய்ச்சி என்று சொல்வதுகூடச் சற்று மிகைதான்; பதினான்கு வயதில் இரண்டு வாரத்தில் யாரும் ஆராய்ச்சி செய்து விட முடியாது. ஆனால் விடை தெரியாத கேள்வியோடு மாதக் கணக்கில் மல்லாடும் மனிதர்களை அருகில் பார்க்கலாம். விடைத்தாளில் நாலில் ஒன்றைக் கறுப்பாக்குவதே விஞ்ஞானம் என்று நினைத்திருக்கும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். சித்தூர் – திருப்பதி சாலையில் காதங்கியைத் தாண்டும்போது, அங்கே வளிமண்டலத்தை ஆராயும் பெரிய ரேடார் இருக்கிறது என்று எந்தப் பயிற்சி மையமாவது சொல்லிக் கொடுத்திருக்கிறதா?

பெண் பிள்ளையை இரண்டு வாரம் வெளியூரில் எப்படி விடுவது என்று தயங்குவோருக்கும் ஒரு வார்த்தை. இன்டர் படிக்க விஜயவாடா விடுதியில் இரண்டு வருடம் விடுவதற்குத் தயங்காத நாம், அரசு நிறுவனம் பொறுப்பேற்றுக் கொள்ளும் பன்னிரண்டு நாளைக்குத் தயங்குவதில் அர்த்தமில்லை.

வேறொரு எச்சரிக்கையும் செய்ய வேண்டியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 'கோடை ஆராய்ச்சி' என்று சொல்லி லட்சக் கணக்கில் பணம் கேட்கும் விளம்பரங்கள் இப்போது பெருகி விட்டன. அமெரிக்காவில் 1984 முதல் நடந்து வரும் ஆர்எஸ்ஐ என்ற திட்டம் எம்ஐடியில் நடக்கிறது. உலகிலேயே இடம் கிடைக்க அரிதானவற்றுள் ஒன்று. அதிலேயே பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதில்லை. உண்மையாகத் தேர்ந்தெடுப்பவர்கள் பணம் கேட்க மாட்டார்கள் என்பதை அளவுகோலாக வைத்துக் கொள்ளலாம். அதேபோல் கண்காட்சிக்கே போகாமல் சான்றிதழ் 'ஏற்பாடு' செய்யும் யோசனையும் வேண்டாம். அசல் சான்றிதழ்களைச் சரி பார்ப்பார்கள். அதற்கும் மேலாக, பிள்ளைக்கு முதல் பாடமே பொய்யாகி விடும்.

ஆகவே இப்போது ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரே தொடங்க வேண்டியவர்கள். கடைசி மூன்று ஆண்டுச் சான்றிதழ்களைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். மத்திய அரசின் 'இன்ஸ்பயர் மானக்' திட்டத்தில் பள்ளி மூலமாக ஒரு யோசனையை அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் தருகிறார்கள், மாவட்டக் கண்காட்சிக்கும் வழி திறக்கும். இதைத் தலைமையாசிரியரிடம் நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

இப்போது ஒன்பதாவது படிப்பவர்கள் எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஸ்டடி சர்டிபிகேட், மற்றச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஜனவரியிலேயே ஒரு உறையில் போட்டு வைத்துக் கொள்ளுங்கள். நகல்களில் தலைமையாசிரியரின் கையொப்பம் வேண்டும். மார்ச்சில் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு தொடங்கி விட்டால் அவர் கையில் அகப்பட மாட்டார்.