மறைக்காதீர்கள், சொல்லி வளருங்கள்!

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் குழந்தை இல்லாத தம்பதிகள் மயிலம் முருகனை வேண்டுவார்கள். மேல்மலையனூர் அம்மனுக்கு நேர்ந்து கொள்வார்கள். வைத்தியமும் பார்ப்பார்கள். எதுவும் பலிக்காவிட்டால், "ஒரு பிள்ளையைத் தத்து எடுத்தால் என்ன?" என்று தோன்றும்.

நல்ல எண்ணம்தான். ஆனால் கூடவே பயமும் வருகிறது. "பிள்ளை நம்மோடு ஒட்டுமா? ஊர் என்ன சொல்லும்? உண்மை தெரிந்தால் நம்மை விட்டுப் போய்விடுமோ?"

இந்தப் பயம்தான் சிலரைக் குறுக்கு வழியில் தள்ளுகிறது.

தரகரை நம்பாதீர்கள்

"பணம் கொடுங்கள். பெற்ற பிள்ளை போலவே சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்று தரகர் சொல்வார். நம்பாதீர்கள்! குழந்தையை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 5 ஆண்டு வரை கடுங்காவலும், 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று இருக்கிறது. "அம்மா" என்று அழைத்துப் பழகிய குழந்தையை அதிகாரிகள் அழைத்துப் போய்விடுவார்கள். அன்று நீங்கள் மட்டுமா அழுவீர்கள்? அந்தப் பிஞ்சும் அழும்.

நேர் வழி

விழுப்புரத்தில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய்க் கேளுங்கள். மத்திய அரசின் 'காரா' இணையதளத்தில் பெயரைப் பதிய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். 2022 செப்டம்பர் முதல், கோர்ட்டுக்குப் பதிலாக மாவட்ட கலெக்டரே தத்து உத்தரவு வழங்குகிறார்.

குழந்தை கைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். மனம் சோரும். வயிற்றில் சுமக்கும் தாய்க்குப் பத்து மாதம். நெஞ்சில் சுமக்கும் தாய்க்கு அந்தக் கணக்கு இல்லை. பொறுத்திருங்கள்.

எப்போது சொல்வது?

பிள்ளை வந்த பிறகு உண்மையை மறைக்கலாமா? கூடாது என்பேன். ஊர் வாயை மூட முடியாது. கல்யாண வீட்டிலோ, சொத்துத் தகராறிலோ யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பிறர் வாயால் கேட்கும் பிள்ளை, "இத்தனை நாள் ஏமாற்றினார்களே!" என்றுதான் துடிக்கும். பாசத்தை முறிப்பது உண்மை அல்ல, ஒளித்து வைத்ததுதான்.

மூன்று, நான்கு வயதிலேயே கதை போலச் சொல்லுங்கள். "நீ என் வயிற்றில் பிறக்கவில்லை, கண்ணே. உன்னைத் தேடி நாங்கள்தான் வந்தோம்." கேட்கும்போதெல்லாம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அது பழகிய கதை ஆகிவிடும். பிறகு யார் சொன்னாலும் அடி விழாது.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. "இது யார் பெற்ற பிள்ளை?" என்று பிள்ளையின் காதுபடக் கேட்காதீர்கள். தத்துக் கொடுப்பது தருமமும் அல்ல, தத்து எடுப்பது தியாகமும் அல்ல. பெற்றோருக்குப் பிள்ளை கிடைக்கிறது. பிள்ளைக்கு வீடு கிடைக்கிறது. இதில் யாருக்கு யார் கடன்பட்டவர்?